முருகன் ‘அருள்கிறார்’, அம்மன் ‘அருள்கிறாள்’: கையேட்டில் தெய்வத்தை எப்படிச் சுட்டுவது?

மாலைவகுப்பு ஆசிரியை, ரோஸ் ஹில்:

அனைவருக்கும் வணக்கம். வரும் தைப்பூசக் காவடிக்கு மொரீஷியஸில் உள்ள எங்கள் கோயிலில் ஒரு கையேடு அச்சிடுகிறோம். இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் இத்தீவின் பேச்சுமொழியான கிரியோல். பாடல்களுக்கு இடையிடையே பொருளும் புராணமும் சொல்லும் உரைநடைக் குறிப்புகள் வரும். தமிழ்க் குறிப்புகளை எழுதுவது என் பொறுப்பு. முதல் பத்தியிலேயே தடை வந்துவிட்டது. பழைய கையேடுகளைப் புரட்டினால், பாடலில் ‘அவன்’ என்று வரும் இறைவன் அதற்குக் கீழே உள்ள குறிப்பில் ‘அவர்’ ஆகிறான். தத்துவம் பேசும் முன்னுரையில் ‘அது’ ஆகிவிடுகிறான். யாரும் யோசித்து இப்படி எழுதியதாகத் தெரியவில்லை.

கிரியோல் பக்கத்தை எழுதும் இளைஞருக்கு இந்தத் தொல்லை இல்லை. அம்மொழியில் முருகனும் ‘லி’, வள்ளியும் ‘லி’, மயிலும் ‘லி’. வீட்டில் அதையே பேசி வளரும் பிள்ளைகள் மாலை வகுப்புக்கு வரும்போது என்னிடம் கேட்பது இதுதான்: பெரியவர்களை ‘அவன்’ என்று சொன்னால் உடனே திருத்துகிறீர்களே, சிவனை மட்டும் ஏன் அப்படிப் பாடச் சொல்கிறீர்கள்? இன்னொரு கேள்வியும் தொடர்ந்து வருகிறது: சிவன் எல்லாம் கடந்தவர் என்றால் அவர் எப்படி ஆண் ஆனார்? பாடல்களில் கைவைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. குறிப்புகளை எப்படி எழுதலாம் என்பதற்கு அறிந்தவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

ஏட்டுச்சுவடி, போர்ட் லூயிஸ்:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். பிள்ளைகள் கேட்ட முதல் கேள்வி மரியாதையைப் பற்றியது, அடுத்தது பாலைப் பற்றியது. ‘அவன்’ என்னும் சொல் ஆண்பாலையும் ஒருமையையும் ஒருங்கே காட்டுவதால் இரண்டும் ஒரே கேள்விபோலத் தோன்றுகின்றன. பிரித்துப் பார்த்தால்தான் விடை தெளியும்.

மரியாதையை முதலில் எடுத்துக்கொள்வோம். ஒருவரைப் பன்மையால் சொல்வது, தொல்காப்பியர் காலத்திலேயே பேச்சில் இருந்திருக்கிறது. ஆனால் ‘ஒருவரைக் கூறும் பன்மைக் கிளவியும்’ என்று தொடங்கும் அவருடைய கிளவியாக்க இயல் நூற்பா, அது வழக்கில் உயர்த்திச் சொல்லும் சொல்லே தவிர இலக்கண நெறிப்பட்டதன்று என்று ஒதுக்கிவைக்கிறது. புறநானூற்றுப் புலவர்கள் பரிசில் வேண்டி நின்றபோதும் மன்னனை ‘நீ’ என்றே விளித்தார்கள். அவனும் அதைக் குறையாகக் கொள்ளவில்லை. ‘அவன்அருளாலே அவன்தாள் வணங்கி’ என்று மாணிக்கவாசகர் பாடியது அந்த மரபில் நின்றுதான். மனிதருக்குள் ‘அவர்’ கட்டாயமாகிவிட்ட பிற்காலத்தில் வளர்ந்த காதுக்கு அந்தப் பழைய ஒருமை இடறுகிறது. பாடியவர் காதுக்கு இடறியிருக்காது.

பாலைப் பற்றிய கேள்வி இதைவிட ஆழமானது. உயர்திணையைத் தொல்காப்பியர் ‘மக்கட் சுட்டே’ என்று மக்களோடு நிறுத்திவிட்டார். தெய்வத்தைக் குறிக்கும் பெயர்களை அதே இயலில் தனியே எடுத்துப் பேசும்போது, அவற்றுக்குத் தமக்கென அறியக்கூடிய ஈறு இல்லை என்றும், உயர்திணைக்குரிய பால் ஈறுகளை ஏற்று அவை ஒலிக்கும் என்றும் விதி வகுக்கிறார். ‘மக்கள் தேவர் நரகர் உயர்திணை’ என்று நன்னூலார் தேவரை வெளிப்படையாக உள்ளே சேர்த்தது மிகவும் பிந்தித்தான். ஆகவே தெய்வப் பெயரோடு வரும் ‘ஆன்’, ‘ஆள்’ எல்லாம் மனிதரிடமிருந்து எடுத்துக்கொண்ட ஈறுகள் என்று நம் மிகப் பழைய இலக்கணமே ஒப்புக்கொள்கிறது எனலாம்.

இந்த நெருக்கடியை ஆழ்வாரும் சைவ அருளாளரும் அறிந்தே பாடியிருக்கிறார்கள். ‘ஆணல்லன் பெண்ணல்லன் அல்லா அலியும் அல்லன்’ என்கிறார் நம்மாழ்வார். இறைவன் ஆண் இல்லை என்று மறுக்கும் அந்தச் சொல்லே ‘அல்லன்’ என்று ஆண்பால் ஈற்றோடு நிற்பதைக் கவனியுங்கள். அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். எம்பெருமானைக் கூறுவதில் ‘கோணை பெரிதுடைத்து’ என்று அதே பாட்டை முடிக்கிறார். திருவாசகத்தின் ‘பெண்ஆண் அலியெனும் பெற்றியன் காண்க’ என்னும் அடியும் மூன்று பாலையும் சொல்லிவிட்டு ‘பெற்றியன்’ என்றே முடிகிறது. தாயுமானவர் வேறு வழியில் போனார்: ‘அங்கிங்கெனாதபடி’ என்று தொடங்கி ‘அருளொடு நிறைந்தது எது’ என்று அஃறிணையில் கேட்டுவிட்டார். (‘அலி’ என்னும் பழஞ்சொல்லுக்கு உரை எழுதும்போது கவனம் தேவை. அச்சொல்லால் இன்று ஒரு மனிதரைக் குறிப்பது இழிவு; திருநர் என்பதே தகும்.)

எனவே ‘அவன்’, ‘அவர்’, ‘அது’ மூன்றுக்கும் மரபில் இடமுண்டு. ஒரே பத்தியில் மூன்றையும் கலப்பதைத்தான் தவிர்க்க வேண்டும்.

கடலோரத்தான், மாயெபூர்:

ஐயா அவர்களின் விளக்கத்தை மகிழ்ச்சியுடன் படித்தேன். நான் கோயிலில் பாடுபவன். இலக்கணம் முறையாகக் கற்றவனல்லன். ‘தோடுடைய செவியன்’ என்று பாடத் தொடங்கும்போதெல்லாம், பெண் அணியும் தோட்டை ஒரு செவியில் வைத்து, அந்தச் சொல்லையே ‘செவியன்’ என்று முடித்த சம்பந்தப் பிள்ளையின் துணிவை எண்ணி வியப்பேன். மாதொருபாகனைப் பாட அவருக்கு வேறு ஈறு தேவைப்படவில்லை. குறிப்பிலும் ‘அவன்’ என்றே எழுதிவிடலாம் என்பது என் கருத்து. ‘அவர்’ என்று எழுதினால் இறைவன் நம் கோயில் நிர்வாகக் குழுத் தலைவரைப் போல ஆகிவிடுகிறார்.

நாகூர்க்காரன், போர்ட் லூயிஸ்:

பணிக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே வாழ்பவன் நான். இஸ்லாமியன் என்பதால் அந்தப் பக்கத்து வழக்கைச் சொல்கிறேன். தமிழ் முஸ்லிம்கள் ‘அல்லாஹ் அறிவான்’, ‘அவன் நாடினால்’ என்றுதான் சொல்வார்கள். அதே வாயால் நபிகள் நாயகத்தை ‘அவர்கள்’ என்பார்கள்; அவரை ‘அவன்’ என்று சொல்ல எவருக்கும் நா எழாது. மரியாதைக்காகவே ‘ஆர்’ ஈறு இருக்கிறதென்றால் இது தலைகீழாகத் தெரியும். ஆனால் இறைவன் ஒருவனே என்பதுதான் எங்கள் நம்பிக்கையின் அடித்தளம். மரியாதையின் பேரிலும் அவனைப் பன்மையால் சுட்ட மனம் ஒப்புவதில்லை. குர்ஆனில் இறைவன் தன்னை ‘நாம்’ என்று சொல்லும் இடங்கள் பல உண்டு. படர்க்கையில் அவனைச் சுட்டும் சொல் எங்கும் ஒருமைதான். அரபு மொழியில் அஃறிணைப் பால் என்று ஒன்று இல்லாததால் அங்கே ஆண்பால் சொல் வருகிறது. அவனைப் போன்றது எதுவுமில்லை என்று அதே வேதம் சொல்வதால், அச்சொல்லைக் கொண்டு அவனை ஆண் என்று எவரும் கொள்வதில்லை.

வாசகி, சாந்த் க்ருவா:

நாகூர்ச் சகோதரர் சொன்னதற்கு நேர் எதிரான வழக்கு எங்களுடையது. பழைய தமிழ் வேதாகமம் ‘ஆதியிலே தேவன் வானத்தையும் பூமியையும் சிருஷ்டித்தார்’ என்று தொடங்குகிறது. ‘தேவன்’ என்று ‘அன்’ ஈற்றில் பெயர், ‘சிருஷ்டித்தார்’ என்று ‘ஆர்’ ஈற்றில் வினை. பெயரும் வினையும் ஒட்டாமல் நிற்கும் அந்தத் தொடர் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுப் பழகியதால் எவருக்கும் உறுத்துவதில்லை. ஆவி என்னும் சொல் தமிழில் அஃறிணை; ‘ஆவி வந்தது’ என்றால் பேய்க்கதை ஆகிவிடும் என்பதால் ‘ஆவியானவர்’, ‘தூய ஆவியார்’ என்றெல்லாம் சொல் ஆக்கிக்கொண்டார்கள். எபிரேயத்தில் அந்தச் சொல் பெரும்பாலும் பெண்பால், கிரேக்கத்தில் அஃறிணைப்பால், இலத்தீனில் ஆண்பால். ஏசாயாவில் ‘ஒருவனை அவன் தாய் தேற்றுவதுபோல்’ என்று இறைவன் தன்னைத் தாயோடு ஒப்பிட்டுப் பேசும் இடமும் உண்டு. ஆனாலும் நாங்கள் ‘தந்தையே’ என்று அழைப்பதை விடவில்லை.

இந்தத் தீவில் எங்களில் பெரும்பாலோர் பிரெஞ்சிலும் கிரியோலிலுமே செபிக்கிறோம். 1966ஆம் ஆண்டுக்கு முன்பு பிரெஞ்சுக் கத்தோலிக்கர் கர்த்தர் கற்பித்த செபத்தில் இறைவனை ‘வூ’ என்று மரியாதைப் பன்மையால் அழைத்தார்கள். அவ்வாண்டு வந்த பொது மொழிபெயர்ப்பு அதை நெருக்கமான ஒருமையாக்கியது. என் பாட்டி கடைசிவரை ‘வூ’ என்றே சொன்னார்.

மோக்கா மாணவி:

பெரியவர்கள் இதுவரை ‘அவன்’ என்னும் சொல்லைச் சுற்றியே பேசியிருக்கிறீர்கள். அம்மனைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. எனக்கு இடறல் அங்கேதான்.

கோயில் அறிவிப்புகளையும் பக்தி இதழ்களையும் எடுத்துப் பாருங்கள். ‘சுவாமி எழுந்தருளுகிறார்’, ‘அம்பாள் எழுந்தருளுகிறாள்’. இருவரும் புறப்படுவது ஒரே வீதியில், ஒரே நேரத்தில். வினை மட்டும் வேறாகிவிடுகிறது. முருகன் ‘அருள்பாலிக்கிறார்’, மாரியம்மன் ‘அருள்பாலிக்கிறாள்’. இருவரும் ஒரே தொடருக்குள் வந்துவிட்டாலோ ‘முருகப்பெருமான் வள்ளி தெய்வானையுடன் காட்சி தருகிறார்’ என்று எழுதி, தேவியர் இருவரையும் ‘உடன்’ என்பதற்குள் அடக்கிவிடுகிறோம்.

பழைய பாடல்களில் இந்தக் குறை இல்லை. அங்கே அவர் ‘அவன்’ என்றால் இவர் ‘அவள்’. இருவரும் ஒருமையில், ஒரே படியில் நின்றார்கள். ‘அப்பன்நீ அம்மைநீ’ என்று அப்பர் பாடியபோது அந்த வேற்றுமைகூட இல்லை, முன்னிலையில் பால் கிடையாது என்பதால். பிற்கால உரைநடை வந்து இறைவனுக்கு ‘ஆர்’ என்று ஓர் இருக்கை போட்டது. இறைவியை நின்ற இடத்திலேயே விட்டுவிட்டது. ஆகவே நம்மை உறுத்த வேண்டியது மாணிக்கவாசகரின் ‘அவன்’ அன்று, நாம் எழுதும் ‘அவர்’ என்றே நினைக்கிறேன்.

இலக்கணப்படி ‘அவர்’ பலர்பால். ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. நடைமுறையில் அது ஆணின் பக்கம் சாய்ந்துவிட்டது. பேச்சில் ‘அவரு’ என்றால் ஆண் என்றே புரிந்துகொள்கிறோம், மதிப்புக்குரிய பெண்ணை ‘அவங்க’ என்கிறோம். ‘அம்மன் அருள்கிறார்’ என்று படித்தால் பலருக்கு ஏதோ பிசகியதுபோலத் தோன்றுவது இதனால்தான். வீட்டு வழக்கும் இதற்கு உடந்தை. எத்தனையோ வீடுகளில் அப்பாவுக்கு ‘நீங்கள்’, அம்மாவுக்கு ‘நீ’. அப்பா ‘வந்தார்’, அம்மா ‘வந்தாள்’. அந்த வீட்டுப் பழக்கத்தைக் கருவறைவரை கொண்டுபோய்விட்டோம்.

கடலோரத்தான், மாயெபூர்:

தங்கைக்கு ஒன்று சொல்வேன். தாயை ‘நீ’ என்று அழைப்பது மதிப்புக் குறைவால் அன்று, உரிமையால். அபிராமி பட்டர் அந்தாதியில் அம்மையிடம் அந்த உரிமையோடுதான் பேசினார். தீமிதிக்கு நோன்பிருந்து தழலில் இறங்குகிறவன் ‘தாயே, நீ காப்பாற்று’ என்றுதான் கதறுவான். ‘நீங்கள் காப்பாற்றுங்கள்’ என்று அந்த நேரத்தில் எவன் வாயிலும் வராது. அம்மனை ‘அவர்’ என்று எழுதினால் தாய் அந்நியராகிவிடுவாள். சமத்துவம் வேண்டும் என்பதற்காக அன்பைக் குறைத்துக்கொள்ள வேண்டுமா?

மோக்கா மாணவி:

ஐயா, அன்பைக் குறைக்கச் சொல்லவில்லை. ஒருமை என்பது உரிமையின் அடையாளம் என்றால், அந்த உரிமை முருகனிடம் நமக்கு இல்லையா? ‘முருகா, நீ வா’ என்று ஒருமையில் கூவித்தானே காவடி எடுக்கிறோம்? இத்தனைக்கும் குழந்தையாக வைத்துக் கொஞ்சும் தெய்வம் அவன். அப்படியிருந்தும் குறிப்பு எழுத உட்கார்ந்தவுடன் அவனுக்கு ‘ஆர்’ வந்துவிடுகிறது. அன்பு இருவரிடமும் ஒன்றாக இருக்கும்போது, எழுத்தில் மரியாதை மட்டும் ஏன் ஒருவரிடமே போய்ச் சேர்கிறது?

ஏட்டுச்சுவடி, போர்ட் லூயிஸ்:

மாணவி சரியான இடத்தில் கைவைத்திருக்கிறார். ‘அவன்’ பழையது, ‘அவர்’ புதியது என்று சொல்லி நிறுத்திக்கொண்ட என் விளக்கத்துக்கு அடுத்த படி இது.

பாலைக் காட்டாமல் எழுத வழி உண்டா என்று ஆசிரியை தனிமடலில் கேட்டிருந்தார். உண்டு, அது தமிழுக்குள்ளேயே இருக்கிறது. ‘செய்யும்’ என்னும் வாய்பாட்டு வினைமுற்றைப் பாருங்கள்: அவன் வரும், அவள் வரும், அது வரும், அவை வரும். நான்கு பாலுக்கும் ஒரே வடிவம். ‘தெய்வம் காக்கும்’, ‘சாமி கண்ணைக் குத்தும்’ என்று பிள்ளைப் பருவத்திலிருந்து நாம் சொல்லிவருவது அதைத்தான். அந்தச் சாமி ஆணா பெண்ணா என்று கண் குத்தப்படும் பிள்ளை கேட்பதில்லை. ஆனால் இந்த முற்றுக்கு ஒரு தடை உண்டு. ‘பல்லோர் படர்க்கை முன்னிலை தன்மையில் செல்லாது ஆகும்’ என்கிறது நன்னூல். அதாவது ‘அவர் வரும்’ என்று எழுத முடியாது. பாலை விடுவிக்கும் வடிவம் ‘அவர்’ என்னும் மரியாதையை ஏற்க மறுக்கிறது. மரியாதையைத் தரும் ‘ஆர்’ ஈறோ, மாணவி சொன்னபடி, நடைமுறையில் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. கிரியோலின் ‘லி’யும் பாலை விட்ட கையோடு மரியாதையையும் விட்டுவிட்டதுதானே?

‘உவப்பினும் உயர்வினும்’ என்று தொடங்கி, மகிழ்ச்சியாலும் உயர்த்திச் சொல்வதாலும் பாலும் திணையும் மாறுவது இயல்பே என்று நன்னூலார் இன்னொரு வாயிலையும் திறந்துவைத்திருக்கிறார். தாத்தாவை அன்பு மிகுதியால் ‘வந்துச்சு’ என்று பேரப்பிள்ளை சொல்வது அதற்குள் அடங்கும். ஆயினும் அச்சுக் கையேட்டில் அந்த உரிமையை எடுத்துக்கொள்ள எனக்குத் துணிவில்லை.

நாகூர்க்காரன், போர்ட் லூயிஸ்:

‘அவர் வரும்’ என்பது பிழை என்று பள்ளியில் தலையில் குட்டிக் கற்பித்தார்கள். ஏன் என்று இன்றுதான் தெரிந்தது. நன்றி ஐயா.

மாலைவகுப்பு ஆசிரியை, ரோஸ் ஹில்:

அனைவருக்கும் நன்றி. படித்துவிட்டு இப்படி எழுதிப்பார்த்தேன். பாடல்கள் உள்ளபடியே இருக்கும். அவற்றில் வரும் ‘அவன்’ பற்றி ஏட்டுச்சுவடி ஐயா சொன்ன வரலாற்றை நான்கு வரியில் முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறேன். துதியும் தத்துவமும் வரும் குறிப்புகளில் முருகனுக்கும் வள்ளி தெய்வானைக்கும் அம்மனுக்கும் ஒன்றுபோல ‘ஆர்’ ஈறு. ‘மாரியம்மன் காத்தருள்கிறார்’ என்று எழுதியதை வகுப்பில் படிக்கக் கொடுத்தேன். பிள்ளைகள் எவரும் வியப்படையவில்லை, வியப்படைந்தவர்கள் பெற்றோர்தான். ‘முருகப்பெருமான் வள்ளி தெய்வானையுடன்’ என்று வரும் தொடர்களை ‘வள்ளியும் தெய்வானையும் முருகனும் காட்சி தருகிறார்கள்’ என்று மாற்றினேன். அதற்கு எங்கள் குருக்கள் சற்றுத் தயங்கினார். உற்சவமூர்த்தியை முன்னே வைக்க வேண்டும் என்றார். ‘முருகனும் வள்ளியும் தெய்வானையும்’ என்று வரிசையை மாற்றியதும் ஒப்புக்கொண்டார்.

இப்போது மீதமிருப்பது வள்ளி திருமணக் கதை. தினைப்புனம் காக்கும் குறமகளை என்ன செய்வது? ‘வள்ளி கவண்கல் எறிந்து கிளிகளை விரட்டினார்’ என்று எழுதிவிட்டு நானே சிரித்துவிட்டேன்.

கடலோரத்தான், மாயெபூர்:

அம்மனுக்கு ‘ஆர்’ போடுவதை நான் இன்னும் முழு மனத்தோடு ஏற்கவில்லை. ஆனால் பொறுப்பு உங்களுடையது என்பதால் விட்டுக்கொடுக்கிறேன். அந்தக் குறமகளை மட்டும் ‘விரட்டினார்’ ஆக்கிவிடாதீர்கள். பரண்மேல் ஏறி ஆலோலம் பாடுகிற பெண் அவள்.

மோக்கா மாணவி:

இதில் ஐயாவின் பக்கமே நானும். ஆனால் அவள் ‘விரட்டினாள்’ என்றால், அவளைத் தேடி வேடனாகவும் கிழவனாகவும் வேடமிட்டு வந்தவனும் ‘வந்தான்’ என்றே இருக்கட்டும். கதை முழுவதும் இருவருக்கும் ஒருமை, துதியில் இருவருக்கும் ‘ஆர்’. மணமேடையில் இருவரும் ஒன்றாகவே மாறட்டும்.

மாலைவகுப்பு ஆசிரியை, ரோஸ் ஹில்:

அப்படியே எழுதிவிட்டேன்: ‘கிழவன் பசிக்கிறது என்றான், வள்ளி தேனும் தினைமாவும் கொடுத்தாள்.’ வாசிக்கவும் நன்றாக இருக்கிறது. கொடியேற்றத்துக்கு முன்பே கையேடு கோயிலுக்கு வந்தாக வேண்டும் என்பதால் இந்த வாரக் கடைசியில் அச்சகத்துக்கு அனுப்புகிறேன். கிரியோல் பக்கத்தில் கிழவன், வள்ளி, துணைக்கு வந்த யானை எல்லாம் ‘லி’யாகவே இருப்பதால், யானை வந்ததும் யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள் என்பது விளங்கவில்லை என்று அதை எழுதிய இளைஞரே சொல்கிறார். அந்தப் பத்தியில் பெயர்களைத் திரும்பத் திரும்ப எழுதச் சொல்லியிருக்கிறேன். கிரியோலில் நல்ல பழக்கமுள்ளவர்கள் அப்பக்கத்தை ஒருமுறை பார்த்துத் தந்தால் உதவியாக இருக்கும்.